கதையில் உரையாடல்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் கதையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லும்போது, உரையாடல் பற்றி ஒரே சந்தேகங்களைத்தான் ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைக் கீழே எழுதியிருக்கிறேன். எளியவை முதலில், வம்பானவை பின்னால்.

1. உரையாடலைப் பேச்சுத் தமிழ்ல எழுதணுமா, எழுத்துத் தமிழ்லயா?

இன்றைய மனிதர்கள் வரும் கதை என்றால் பேச்சுத் தமிழ்தான். வீட்டில் யாரும் "நான் கடைக்குச் சென்று வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. கதையில் ஒரு அம்மா அப்படிச் சொன்னால், அவர் மேடையில் நிற்கிறார் என்றுதான் வாசகருக்குத் தோன்றும். விவரிப்பு எழுத்துத் தமிழில், பேச்சு பேச்சுத் தமிழில் என்பது இப்போது கேள்வி இல்லாமல் எல்லோரும் பின்பற்றும் ஏற்பாடு. ஒரு காலத்தில் இதுவே பெரிய சண்டையாக இருந்தது. இலங்கையில் 1960களின் தொடக்கத்தில், கதைகளில் வரும் மக்கள் பேச்சை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் சிலர் பழிக்க, எழுத்தாளர்கள் எதிர்த்து நிற்க, அது நீண்ட விவாதமாகப் போனது.

எழுத்துத் தமிழுக்கும் இடம் உண்டு. மேடைப் பேச்சு, பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டம், பேருந்து நிலைய அறிவிப்பு இவையெல்லாம் எழுத்துத் தமிழில்தான் நடக்கின்றன. அப்புறம் கிண்டலும் கோபமும். ராத்திரி பதினொரு மணிக்கு வீடு திரும்பும் மகனிடம் அப்பா "வாருங்கள், தாங்கள் இப்போதுதான் எழுந்தருளினீர்களோ?" என்று கேட்டால், அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

2. காதுல விழற மாதிரியே எழுத்துக்கு எழுத்து எழுதணுமா? படிக்கவே முடியலைங்கறாங்க.

வேண்டாம். வினைமுற்றையும் வேற்றுமை உருபையும் பேச்சுக்கு மாற்றுங்கள். பெயர்ச்சொற்களைப் பெரும்பாலும் இருக்கிறபடி விட்டுவிடுங்கள். "குழந்தைக்கு உடம்பு சரியில்ல, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்" என்று எழுதினாலே போதும். வாசகர் தன் காதில் "கொழந்தைக்கு ஒடம்பு" என்று கேட்டுக்கொள்வார். இடம் 'எடம்' ஆவதும் உலகம் 'ஒலகம்' ஆவதும் பெரும்பாலான தமிழர் வாயில் இயல்பாக நடப்பவை. அவற்றையெல்லாம் எழுத்தில் கொண்டுவந்தால் ஒவ்வொரு சொல்லிலும் கண் தடுக்கும்.

இதில் எனக்கு எரிச்சல் தரும் ஒரு பழக்கம் இருக்கிறது. கதையில் வரும் பேராசிரியர் "உடம்பு" என்பார். வீட்டு வேலைக்கு வரும் அம்மா மட்டும் "ஒடம்பு" என்பார். உண்மையில் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் எழுத்தைச் சிதைப்பது அவரைப் படிக்காதவர் என்று முத்திரை குத்தும் குறுக்குவழி. சிதைப்பதென்றால் எல்லோருக்கும் சிதையுங்கள், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் "வந்துச்சு" என்றும் அடுத்த பக்கத்தில் "வந்தது" என்றும் பேசாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ரெட்டை மேற்கோளா, ஒத்தை மேற்கோளா, கோடு போடலாமா?

எது வேண்டுமானாலும் சரி, கதை முழுக்க ஒன்றே இருக்கட்டும். ஓலைச்சுவடிகளில் மேற்கோள் குறி கிடையாது. 'என', 'என்று' என்ற சொற்களே பேச்சு முடிந்த இடத்தைக் காட்டின. அதனால் குறியே இல்லாமலும் தமிழில் எழுத முடியும், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் யார் பேசுகிறார்கள் என்று வாசகர் மேலே போய் எண்ணிப் பார்க்கும்படி ஆகிவிட்டால், பேசாமல் குறியைப் போட்டுவிடுங்கள்.

4. 'என்றான்', 'என்றாள்' வரிக்கு வரி வருது. மாத்தி மாத்தி 'கர்ஜித்தான்', 'வினவினாள்'னு போடலாமா?

'என்றான்' கண்ணில் படாத சொல். 'வினவினாள்' படும். சண்டைக் காட்சியில் ஒருவன் கர்ஜித்து, இன்னொருவன் உறுமி, மூன்றாமவன் சீறினால் மிருகக்காட்சிசாலை ஆகிவிடும். கோபம் அவன் பேசும் வரியில் இருந்தால் 'என்றான்' போதும். வரியில் இல்லையென்றால் 'கர்ஜித்தான்' அதைக் கொண்டுவராது.

தமிழில் வேறொரு சிக்கல் இருக்கிறது. வினை கடைசியில் வருவதால், பத்து வரி பேச்சு முடிந்த பிறகுதான் பேசியது யார் என்று தெரியும். அதற்கு, முதல் துண்டிலேயே வெட்டிவிடலாம்: "இல்லக்கா," என்றாள் செல்வி. "நான் அன்னைக்கே சொன்னேன்..." என்று தொடரலாம். செயலை முன்னால் வைக்கலாம்: செல்வி முறத்தைக் கீழே வைத்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்..." இங்கே 'என்றாள்' தேவையே இல்லை. மூன்றாவது வழி பேச்சுக்குள் வரும் விளிச்சொல், அதாவது ஒருவரைக் கூப்பிடும் சொல். அதுதான் தமிழுக்கு வாய்த்த வசதி, தனிக் கேள்வியாகவே அடுத்து வருகிறது.

5. 'நீ', 'நீங்க', 'டா', 'ங்க' இதையெல்லாம் எப்படி முடிவு பண்றது?

இதை முடிவு பண்ணிவிட்டால் பாதி உரையாடல் எழுதியாயிற்று என்பேன். தமிழில் மரியாதையையும் உறவையும் தொடாமல் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. "வா" என்று சொல்ல வாயைத் திறந்தாலே வா, வாடா, வாப்பா, வாய்யா, வாங்க, வாரும் என்று வரிசையாக நிற்கும். அதில் எதைப் பொறுக்குகிறோம் என்பதில் வயது, சாதி, பணம், பாசம் எல்லாம் வந்துவிடும். பல வீடுகளில் பிள்ளைகள் அம்மாவை 'நீ' என்றும் அப்பாவை 'நீங்க' என்றும் கூப்பிடுகிறார்கள். அந்த வீட்டைப் பற்றி அதற்கு மேல் ஒரு பத்தி விளக்கம் எதற்கு?

ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இவர் அவரை எப்படிக் கூப்பிடுவார், அவர் இவரை எப்படி. ஊருக்கு ஊர் மாறும். கொங்குப் பக்கம் சின்னப் பிள்ளையையும் "வாங்க கண்ணு" என்று அழைக்கும் வீடுகள் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்து "ஏலே"யில் பிரியமும் இருக்கும், அதட்டலும் இருக்கும். கணவர் பெயரைச் சொல்லாத தலைமுறைப் பெண் "என்னங்க" என்பார், "பெரியவனோட அப்பா" என்பார்; ஊர்க்காரர்களிடம் "எங்க வீட்டுல" என்பார்.

பலன் எங்கே கிடைக்கும் என்றால், வழக்கம் உடையும் இடத்தில். வாடகை பாக்கி வைத்திருப்பவரிடம் வீட்டுக்காரர் "என்ன சார், போன மாசமும் இதையேதான் சொன்னீங்க" என்று தொடங்கி, நாலு வரி கழித்து "இதோ பாருய்யா" என்கிறார். 'சார்' போய் 'யா' வந்த இடத்தில் காட்சி திரும்பிவிட்டது. "அவர் பொறுமையிழந்தார்" என்று நீங்கள் தனியாக எழுத வேண்டியதில்லை.

6. நிஜமா ரெண்டு பேர் பேசினதை அப்படியே எழுதினேன். போரடிக்குதுன்னு சொல்றாங்களே?

நிஜப் பேச்சு போரடிக்கும்தான். "சாப்ட்டாச்சா?", "ஆச்சு, நீங்க?", "இனிமேதான்", "அப்புறம்?", "அப்புறம்... நீங்கதான் சொல்லணும்." நேரில் இந்தச் சடங்குக்கு வேலை உண்டு, தாளில் கிடையாது. கதையின் உரையாடல் நிஜம் போல ஒலிக்க வேண்டும், நீளத்தில் நிஜமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு காட்சியை எழுதி முடித்ததும் முதல் நாலைந்து வரிகளை மூடிவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் காட்சி அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

"சாப்ட்டாச்சா"வை நான் ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. ஆறு மாதம் பேசாமல் இருந்த தங்கை வாசலில் வந்து நின்று அதைக் கேட்டால் அது சடங்கு இல்லை.

7. என் பாத்திரங்கள் பேசினா குறுக்கு விசாரணை மாதிரி இருக்கு. கேள்வி, பதில், கேள்வி, பதில். என்ன பண்றது?

எனக்கு வரும் கதைகளில் மிக அதிகமாகப் பார்ப்பது இதைத்தான். மருந்து நம் பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்திலேயே இருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடியான பதில்கள். மீதி ஐந்தும் (ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி) சுற்றி வந்து பதிலாகிறவை. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிட்டோம். எழுதுகிறவனுக்கு இதைவிட உபயோகமான பட்டியல் எனக்குத் தெரியாது.

தம்பி கேட்கிறான்: "அண்ணே, ஒரு பத்தாயிரம் கிடைக்குமா?" நேரான பதில் "தர்றேன்", "இல்ல" இரண்டில் ஒன்று. இரண்டிலும் காட்சி செத்துவிடும். "உன் மாமனார்கிட்ட கேளேன்" என்றால் ஏவல். "போன தடவை வாங்கினது என்னாச்சு?" என்றால் வினா எதிர் வினாதல். "இப்பத்தான் சின்னவளுக்கு ஃபீஸ் கட்டிட்டு வர்றேன்" என்றால் உற்றது உரைத்தல். "உன் மதினிக்குத் தெரிஞ்சா வீட்டுல இருக்க முடியாதுப்பா" என்றால் உறுவது கூறல். "அரிசி வேணா ஒரு மூட்டை தூக்கிட்டுப் போ" என்றால் இனமொழி. ஐந்துமே 'இல்லை'தான். ஆனால் ஐந்து அண்ணன்கள்.

எழுதிய காட்சியை எடுத்து, நேரான பதில் வரும் இடங்களையெல்லாம் கோடிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் இருந்தால் அதில் சிலவற்றை இந்த ஐந்தில் ஒன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள், யாருமே எதற்கும் பதில் சொல்லாத கதையும் தலைவலிதான். சுற்றிச் சுற்றிப் பேசிய பிறகு ஒருவர் நேராக "இல்ல" என்று சொல்லும் இடத்துக்கு அப்போதுதான் எடை வரும்.

8. மனசுல இருக்கறதைப் பாத்திரம் வெளிப்படையாச் சொல்லக் கூடாதுங்கறாங்க. அப்புறம் வாசகருக்கு எப்படிப் புரியும்?

புரியும். சங்க அகப்பாடல்களின் துறைக்குறிப்புகளில், அதாவது பாட்டை யார் எந்தச் சூழலில் சொன்னார் என்று காட்டும் குறிப்புகளில், 'தலைவன் சிறைப்புறத்தானாக, தோழி சொல்லியது' என்று அடிக்கடி வரும். தலைவன் வேலிக்குப் பின்னால் நிற்கிறான். தோழி அவனிடம் பேசுவதில்லை. தலைவியிடம், தினை முற்றிவிட்டது, இனிக் காவலுக்கு வர முடியாது, வீட்டில் அடைத்துவிடுவார்கள் என்கிறாள். பேச்சு தினையைப் பற்றியது. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்குக் கேட்பது 'சீக்கிரம் வந்து கல்யாணம் பேசு' என்பது. மருமகள் காதில் விழும்படி மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதும் இதே உத்திதான்.

ஆக, பாத்திரங்களுக்குப் பேச ஒரு பொருளைக் கொடுங்கள். சொத்துப் பிரிக்கும் காட்சியில் அண்ணன் தம்பி பாசத்தைப் பற்றிப் பேச வேண்டாம், கிணற்று மோட்டார் யாருக்கு என்று பேசட்டும். வாசகருக்கு முன்கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும், மோட்டாரில் இருக்கும் மற்றதெல்லாம் கேட்டுவிடும். முன்கதையே தெரியாவிட்டால் மட்டும் அது வெறும் மோட்டார்.

9. அந்த முன்கதையை உரையாடல்லயே சொல்லிடலாமா?

கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்ல வைக்காதீர்கள். "உன் தம்பி ரவி, போன வருஷம் கோயமுத்தூர்ல பொண்ணு எடுத்தானே, அவன் வந்திருக்கான்" என்று மனைவி கணவரிடம் சொல்ல மாட்டார். "ரவி வந்திருக்கான்" என்பார். தகவல் தேவையென்றால் விவரிப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. சண்டையில் மட்டும் தெரிந்த விஷயத்தையே திரும்பச் சொல்வது இயல்பு: "உன் தம்பி கல்யாணத்துக்கு நாலு லட்சம் தூக்கிக் குடுத்தியே, அப்ப எங்க போச்சு இந்தக் கணக்கு?" தகவலும் வந்துவிட்டது, சண்டையும் சூடாகிவிட்டது.

10. எல்லாப் பாத்திரமும் என்னை மாதிரியே பேசுது. எப்படி வேறுபடுத்தறது?

ஆளுக்கு ஒரு பழகிய சொல்லைக் கொடுத்து, ஒருவர் எப்போதும் "வந்து... வந்து..." என்றும் இன்னொருவர் "புரியுதா?" என்றும் முடிப்பது மேடை நாடக வழி. இரண்டு பக்கத்தில் சலித்துவிடும். ஏழாவது கேள்வியின் பட்டியலுக்கே போங்கள். ஒரு ஆள் எதைக் கேட்டாலும் திரும்பக் கேள்வியே கேட்பார். இன்னொருவர் எதைக் கேட்டாலும் தன் உடம்பு நோவிலிருந்து தொடங்குவார். மூன்றாமவர் வரப்போகும் ஆபத்தையே சொல்லிக்கொண்டிருப்பார். நம் குடும்பத்திலேயே மூன்று பேரும் இருப்பார்கள்.

இதோடு நீளத்தையும் கவனியுங்கள். ரேஷன் கடை வரிசையில் பேசிப் பழகியவருக்கும் வகுப்பறையில் பேசிப் பழகியவருக்கும் வாக்கிய நீளம் ஒன்றாக இருக்காது. வரிசையில் நிற்பவரைக் குறுக்கே வெட்ட ஆள் உண்டு. வாத்தியாரை வெட்ட ஆள் கிடையாது.

11. எனக்குப் பழக்கமில்லாத ஊர் வழக்குல எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பெயர்ச்சொற்களை மட்டும் அள்ளிப்போட்டு எழுத முடியாது. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. கொங்குச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் தொகுத்தது இருக்கிறது. இரண்டும் பொக்கிஷம். ஆனால் அகராதி சொல்லைத்தான் தரும், வாக்கியத்தின் ஓட்டத்தைத் தராது. வழக்கு காட்டிக்கொடுப்பது வினைமுடிவில். மதுரை, சிவகங்கைப் பக்கம் "வந்தாய்ங்க". யாழ்ப்பாணத்தில் "நான் போறன்", "நீங்கள் என்ன செய்யிறியள்". சென்னையின் பழைய பேச்சில் "இன்னா", "கீது". இவற்றில் ஒன்று பிசகினால் அந்த ஊர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் முகத்தில் சிரிப்பு எங்கே வருகிறது, சுளிப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள்.

ஆள் கிடைக்கவில்லையா? பொதுவான பேச்சுத் தமிழில் எழுதி, விளிச்சொற்களை மட்டும் அந்த ஊருக்குச் சரியாக வையுங்கள். அரைகுறை வழக்கைவிட அது மேல்.

12. புரியாத வட்டாரச் சொல்லுக்கு அடிக்குறிப்பு போடணுமா?

முடிந்தவரை வேண்டாம். அடுத்த வரியில் ஒரு செயல் அந்தச் சொல்லை விளக்கிவிடும். 1942இல் கொங்குப் பேச்சோடு வந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலை மற்ற ஊர்க்காரர்களும் இன்றுவரை படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

13. ஆபீஸ் கதைல பாதி இங்கிலீஷ். அதை என்ன செய்ய?

பேசுகிறபடியே, தமிழ் எழுத்தில். "அந்த ஃபைலை அனுப்பிட்டீங்களா?", "மீட்டிங் தள்ளிப் போயிடுச்சு." இதைக் 'கோப்பு', 'கூட்டம்' என்று மாற்றினால் அலுவலகம் அரசாணை ஆகிவிடும். ஆனால் முழு ஆங்கில வாக்கியங்கள் தொடர்ந்து வந்தால் படிக்கத் தமிழ் எழுத்து தடுமாறும். ஒருவர் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார் என்று விவரிப்பில் சொல்லிவிட்டு, அவர் சொன்னதைத் தமிழில் கொடுங்கள். தாவுவது எப்போது என்பதும் முக்கியம்; அதிகாரி திட்டும்போது ஆங்கிலத்திலும் சமாதானம் பேசும்போது தமிழிலும் இருக்கலாம்.

14. கெட்ட வார்த்தை, சாதி சொல்லித் திட்டறது இதெல்லாம் எழுதலாமா?

அந்த ஆள் அந்த இடத்தில் சொல்வார் என்றால் எழுதலாம். வசையை வரிக்கு வரி போட்டால் காது மரத்துவிடும், ஒன்று போதும். சாதி வேறு விஷயம். அங்கே வசையைவிட மரியாதை இல்லாத விளிதான் கூர்மையாக இறங்கும். அறுபது வயதுக்காரரைப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி "வா, போ" என்பதைக் காட்டுங்கள். ஐந்தாவது கேள்வியில் சொன்னதின் கொடூரமான பக்கம் அது. விவரிப்பவர் குரலில் மட்டும் அந்தச் சொற்கள் வரக் கூடாது.

15. ராஜா காலத்துக் கதைல எல்லாரும் 'தாங்கள்', 'ஆகட்டும் மன்னா'ன்னு பேசறது சரியா?

அது நாமே செய்துகொண்ட மேடைத் தமிழ். அந்தக் காலத்துப் பேச்சு எப்படி இருந்தது என்பதற்குக் கல்வெட்டில் சில கீற்றுகள் கிடைக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தன் கொடைகளைப் பற்றிச் சொன்னதாக வெட்டியிருப்பது "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்" என்று இருக்கிறது. 'கொடுத்தன' இல்லை, 'குடுத்தன'. சக்கரவர்த்தி கல்வெட்டில்கூட நம் வீட்டுத் தமிழின் சாயல்.

அதற்காகச் சோழ ராஜாவை "சொல்லுப்பா" என்று பேச வைக்கச் சொல்லவில்லை. எளிய எழுத்துத் தமிழ், சின்ன வாக்கியம், 'நீர்', 'வாரும்' போன்ற விளிகள், இவ்வளவு போதும். படைவீரர்களும் சமையல்காரர்களும் தங்களுக்குள் பேசும்போது இன்னும் தளர்த்திவிடுங்கள். 'தாங்கள்' அரண்மனைக்குள் மட்டும் இருந்தால்தான் அரண்மனை தெரியும்.

16. அஞ்சாறு பேர் பேசற காட்சி குழம்பிப்போகுது.

ஐந்து பேர் இருக்கும் அறையில் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்களை வேறு வேலையில் வையுங்கள். நடுநடுவே ஒருவரை நுழைய விடுங்கள். யார் யாருக்கு என்ன முறை என்று ஐந்தாவது கேள்வியில் எழுதச் சொன்ன தாள் இங்கே உதவும். "சித்தப்பா" என்று ஒருவர் தொடங்கினாலே பேசுவது யார், கேட்பது யார் இரண்டும் தெரிந்துவிடும். நிச்சயதார்த்தக் காட்சி மாதிரிக் கூட்டத்தில், பேசியவர் யார் என்று சொல்லாமலே நாலைந்து துண்டு வரிகளைக் கொட்டிவிடலாம். அங்கே இரைச்சல்தான் பாத்திரம்.

17. திருப்பூர் பனியன் கம்பெனியில வேலை பாக்கற ஒடிசாப் பையன் என் கதைல வர்றான். அவன் தமிழை எப்படி எழுத?

சினிமாவில் வருகிற "நம்பள்கி நிம்பள்கி" வேண்டவே வேண்டாம். அவன் தமிழை எங்கே, யார் வாயிலிருந்து கற்றான் என்று யோசியுங்கள். மேஸ்திரியிடமிருந்து. மேஸ்திரி அவனிடம் பேசுவதெல்லாம் "எடு", "வா", "சீக்கிரம்", "நீ போ". அவன் காதில் விழுந்த தமிழில் 'நீங்க' அதிகம் இருந்திருக்காது. அதனால் முதலாளியிடமே "சார், நீ வா, மெஷின் நின்னுச்சு" என்பான். தப்பு அவன் இலக்கணத்தில் இருக்கிறது. அவனிடம் இந்த ஊர் எப்படிப் பேசியது என்பது அந்தத் தப்பில் இருக்கிறது. வேலை சம்பந்தப்பட்ட சொற்கள் மட்டும் அவனுக்குச் சுத்தமாக வரும். சிங்கர், ஓவர்லாக், பீஸ் ரேட் இவற்றில் அவன் உங்களைவிடத் தேர்ந்தவன்.

ராத்திரி அறைக்குப் போய் அம்மாவிடம் போனில் பேசும்போது அவன் ஒடியாவில் பேசுகிறான். அங்கே தடுமாற்றம் கிடையாது. "ஒடியாவில் சொன்னான்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, சரளமான பேச்சுத் தமிழில் எழுதுங்கள்; கேலி, கோபம், பொய் எல்லாம் தாராளமாக வரட்டும். எந்த மாவட்டத்துச் சாயலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் அம்மா புவனேஸ்வரத்திலிருந்து "ஏனுங்க கண்ணு, சாப்ட்டாச்சுங்களா" என்று கேட்டால் நன்றாக இருக்காது.